என்சைமை அளக்காமல் முடிவு வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

செல்லுக்குள் கொழுப்புப் பொருள்கள் உடைபடாமல் தேங்கும் பரம்பரை நோய்களைப் பற்றி ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். குடும்பங்களின் அடையாளம் தெரியாமலிருக்கப் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*என் பேரனுக்கு நாலு வயது. ஒரு வருஷமாக வயிறு பெருத்துக்கொண்டே வருகிறது. மலேரியா, டைபாய்டு, காசநோய் எதுவும் இல்லை. பிளேட்லெட் குறைவு. ஒரு முறை ரத்தம் ஏற்றினார்கள். எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் ‘கோஷே செல்’ என்று எழுதியிருக்கிறது. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். எடுக்கலாமா?*
– வாசகி, காசிமேடு

இப்போதைக்கு வேண்டாம். என்சைம் ரிப்போர்ட் வரட்டும், பிறகு பேசலாம் என்று டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள் அம்மா. மஜ்ஜையில் தெரிந்த செல் ஒரு தடயம்தான். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயிலும் தலசீமியாவிலும்கூட அதே சாயலில் செல்கள் தெரியும். கோஷே நோயா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற என்சைமின் அளவு.

ஆயுள் முடிந்த ரத்த அணுக்களை மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கும். அந்த அணுக்களின் சவ்வில் இருக்கும் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பை, செல்லுக்குள் உள்ள லைசோசோம் என்னும் சிறு பைகளில் வைத்து இந்த என்சைம் உடைக்கும். என்சைம் குறைந்தால் கொழுப்பு அங்கேயே சேரும். மேக்ரோஃபேஜ்கள் மிகுதியாக இருப்பது மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. வயிறு பெருப்பது, பிளேட்லெட் குறைவது, ராத்திரியில் கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை அழுவது எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான். மண்ணீரலை எடுத்தால் பிளேட்லெட் ஏறும், உண்மை. ஆனால் எலும்புச் சேதம் கூடலாம். நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் பரவும் ஆபத்தும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். மருந்தே இல்லாத காலத்தில் வேறு வழியில்லாமல் செய்த ஆபரேஷன் அது.

என்சைம் சோதனைக்கு ரத்தம் எடுப்பதில்தான் பல தவறுகள் நடக்கின்றன. இரண்டு வழி உண்டு. முதலாவது, சிறப்பு அட்டையில் ரத்தச் சொட்டுகளை வைத்து உலர்த்தி அனுப்புவது. வட்டம் முழுவதும் ஒரே சொட்டில், மறுபக்கம்வரை ஊற வேண்டும். சொட்டின்மேல் சொட்டு வைக்கக் கூடாது. படுக்கைவாட்டில், எதன்மேலும் ஒட்டாமல், 3 முதல் 4 மணி நேரம் காய வேண்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் என்சைம் கெட்டுப்போகும். முழுதாகக் காயாத அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டாலும் அதே கதிதான். கடலோரத்து ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், அட்டை காயவே காயாது. அப்போது ஏசி அறையில் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் மூடி அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, வெள்ளணுக்களைப் பிரித்து அவற்றில் என்சைமை அளப்பது. உறுதிப்படுத்த இதுதான் சரி. ஹெப்பாரின் குழாயா, ஈடிடிஏ குழாயா என்று லேபைக் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். ரத்தம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் எடுத்தால் கூரியர் அலுவலகத்திலேயே ஞாயிறு கழிந்துவிடும். திங்கள், செவ்வாய் நல்லது. ஐஸ்கட்டியின்மேல் நேரடியாக வைத்தால் ரத்தம் உறைந்து வெள்ளணுக்கள் உடைந்துபோகும். பெரிய மண்ணீரல் உள்ள குழந்தைக்கு வெள்ளணுக்களும் குறைந்திருக்கலாம். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். ரத்தம் ஏற்றிய தேதியைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். ஏற்றிய ரத்தத்தில் கொடுத்தவருடைய வெள்ளணுக்கள் இருந்தால் எண் பொய்யாக உயரும்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அதே ரத்தத்தில் வேறொரு என்சைமையும், பெரும்பாலும் பீட்டா கேலக்டோசிடேஸை, ஒப்பீட்டுக்காக அளந்திருக்க வேண்டும். அது சரியாக இருந்து குளுக்கோசெரிப்ரோசிடேஸ் மட்டும் இயல்பில் 15 சதவீதத்துக்கும் கீழே என்றால் நோய் உறுதி. இரண்டுமே விழுந்திருந்தால் வழியில் ரத்தம் கெட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். திரும்ப எடுக்க வேண்டும். நீமன் – பிக் நோயிலும் இதே மாதிரி வயிறு பெருக்கும் என்பதால் ஸ்பிங்கோமைலினேஸ் என்சைமையும் சேர்த்தே கேளுங்கள். கைட்டோட்ரையோசிடேஸ் என்று ஒரு முன்சோதனை உண்டு. அது உயர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சிலருக்கு அந்த என்சைம் பிறவியிலேயே கிடையாது. அவர்களுக்குப் பூஜ்யம் வருவதைப் பார்த்து ‘நோய் இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

வீட்டிலேயே கவனிக்க ஒன்று. பக்கத்திலிருந்து கூப்பிட்டால் பேரன் கண்ணை மட்டும் சட்டென்று திருப்புகிறானா, அல்லது தலையையே வெட்டித் திருப்புகிறானா? தலையைத் திருப்பினால் மூளையும் பாதிக்கப்படும் மூன்றாம் வகையாக இருக்கலாம். ஒரு செல்போன் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீங்கிய மண்ணீரல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

*கொழுப்பு தேங்கும் நோய் என்கிறார்கள். எண்ணெய், நெய், மீன் எல்லாம் நிறுத்திவிட்டோம். சரிதானே?*
– வாசகர், கொருக்குப்பேட்டை

சரியில்லை. தேங்குவது சாப்பாட்டுக் கொழுப்பு அல்ல, உடம்பு தானே கட்டி, தானே உடைக்க வேண்டிய சவ்வுக் கொழுப்பு. வஞ்சிரமோ நெய்யோ நிறுத்தினால் குழந்தை இளைப்பதுதான் மிச்சம். கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் உடைபடாமல் தேங்கும் வோல்மன் நோய் மட்டும் இதற்கு விலக்கு. அதில் உணவுக் கட்டுப்பாடு உண்டு, டாக்டரே சொல்வார். உடம்பில் இந்தக் கொழுப்பு உருவாவதைக் குறைக்கும் மிக்லுஸ்டாட் காப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். பால், சர்க்கரையைக் குறைத்தால் அடங்கும்.

*உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ராஸ்கோ பிரேடி என்ற விஞ்ஞானி கோஷே நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரே வரி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார்?*
– மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய நாற்பது வருஷ வேலை இருக்கிறது. பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர் 1882இல் ஒரு பெண்ணின் பெருத்த மண்ணீரலில் வீங்கிய செல்களைப் பார்த்து, அதைப் புற்றுநோய் என்றே எழுதினார். தேங்குவது குளுக்கோசெரிப்ரோசைடு என்று 1934இல் தெரிந்தது. ஏன் தேங்குகிறது? உடம்பு அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறதா, அல்லது உடைக்க முடியவில்லையா? பிரேடி கையிலெடுத்த கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் வேலை செய்தார். முதலில் உற்பத்தியைச் சோதித்தார். நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மெல்லிய துண்டுகளை, கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சர்க்கரையோடு வைத்துப் பார்த்தபோது, குளுக்கோசெரிப்ரோசைடு இயல்பான வேகத்தில்தான் உருவானது. உற்பத்தியில் கோளாறு இல்லை. அப்படியென்றால் உடைப்பதில்தான். அதை நிரூபிக்க, எந்த இடத்தில் கார்பன் 14 இருக்கிறது என்று தெரிந்த குளுக்கோசெரிப்ரோசைடு வேண்டும். கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. டேவிட் ஷாப்பிரோ என்ற வேதியியலாளரின் துணையோடு ஆய்வகத்திலேயே செய்தார்கள். இயல்பான மண்ணீரல் சாற்றோடு அதைச் சேர்த்தால் குளுக்கோஸ் தனியே கழன்று வரும். நோயாளிகளின் சாற்றில் அது மிகக் குறைவாகவே வந்தது. அந்த முடிவு 1965இல் வெளியானது. அதே தர்க்கத்தை வைத்து 1966இல் நீமன் – பிக் நோயில் ஸ்பிங்கோமைலினேஸ் குறைவையும் 1967இல் ஃபாப்ரி நோயில் வேறோர் என்சைமின் குறைவையும் அவர் குழு காட்டியது. இன்று உங்கள் ஊர் லேபில் ஒளிரும் ரசாயனத்தை வைத்து அளப்பதும் அதே வினைதான். கதிரியக்கத்தின் இடத்தில் வேறு ‘மூலப்பொருள்’ வந்திருக்கிறது.

காரணம் தெரிந்தால் மருந்து தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பாடத்தில் இல்லாத, ஆனால் படிக்க வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. என்சைமை எங்கிருந்து எடுப்பது? பிரசவத்துக்குப் பின் தூக்கிப் போடும் நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தார்கள். 1974இல் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றியதில் கல்லீரலில் இருந்த குளுக்கோசெரிப்ரோசைடு 26 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் கூடுதலாகத் தயாரித்து ஏற்றியபோது அதே பலன் தொடர்ந்து கிடைக்கவில்லை. என்சைம் கல்லீரலின் சாதாரணச் செல்களுக்குள் போய்க்கொண்டிருந்தது; கொழுப்பு தேங்கியிருந்ததோ மேக்ரோஃபேஜ்களில். முகவரி தப்பிய தபால் மாதிரி.

மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி உண்டு. என்சைமின்மேல் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம், அதற்கடுத்து கேலக்டோஸ், அதற்கும் உள்ளே என்-அசிட்டைல் குளுக்கோசமைன். இந்த மூன்றையும் மூன்று வேறு என்சைம்களால் வரிசையாக வெட்டினால் மேனோஸ் வெளியே தெரியும். வரிசை மாறினால் வேலை நடக்காது. இப்படித் திருத்திய என்சைமை 12 பேருக்குக் கொடுத்ததில் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் ஏறியது. அந்த முடிவு 1991இல் வெளியாகி, அதே வருஷம் அல்குளுசெரேஸ் என்ற பெயரில் மருந்தாகவும் அனுமதி பெற்றது. ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கே ஆயிரக்கணக்கில் நஞ்சுக்கொடி தேவைப்பட்டது. 1994இல் இமிகுளுசெரேஸ் வந்தது. வெள்ளெலி வகையொன்றின் சூலகச் செல்களில் மரபணுவை வைத்து வளர்ப்பது. கேரட் செல்லில் வளர்க்கும் வகையும் பின்னாளில் வந்தது.

1965க்கும் 1991க்கும் நடுவே 26 வருஷம். எங்களைக் கேட்டால் தேர்வில் கேட்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான். இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: ஏற்றுகிற என்சைம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மூளை பாதிக்கப்படாத கோஷே முதல் வகையில் பலன் பிரமாதம். டே – சாக்ஸ் போல மூளையிலேயே தேங்கும் நோயில் இந்த வழி பயன்படவில்லை. நீமன் – பிக் ‘சி’ வகையோ என்சைம் குறையே அல்ல, கொலஸ்டிராலை லைசோசோமிலிருந்து வெளியே கடத்தும் புரதத்தின் குறை. பிரேடியோடு வேலை செய்த பீட்டர் பென்ச்சேவ் அதில் முக்கியமானவர். அதற்கான மரபணு 1997இல் பிடிபட்டது.

*மகளுக்கு இமிகுளுசெரேஸ் ஆரம்பிக்கிறார்கள். எடை 14 கிலோ. அளவு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?*
– வாசகர், வியாசர்பாடி

பொதுவாகக் கிலோவுக்கு 60 யூனிட், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. 14 கிலோவுக்கு 840 யூனிட். ஒரு வயலில், அதாவது மருந்துச் சிறுபுட்டியில், 400 யூனிட் இருக்கிறது. மூன்றாவது வயலைத் திறந்து 40 யூனிட்டுக்காக மீதியைக் கொட்டுவது வீண். இரண்டு வயலோடு நிறுத்தினால் கிலோவுக்கு 57 வரும், பல டாக்டர்கள் அப்படித்தான் முழு வயலுக்குச் சரிக்கட்டுகிறார்கள். வருஷத்துக்கு 26 முறை, 52 வயல். எடை 28 கிலோவானால் 104. அதனால் எடையை ஒவ்வொரு முறையும் அதே எடைமேடையில் பார்க்கச் சொல்லுங்கள்.

வயலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையக் கூடாது. 400 யூனிட் வயலில் 10.2 மி.லி. ஊசிக்கான நீரை, சுவரோரமாக வழியவிட்டுச் சேர்க்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், புரதம் கெடும். மெதுவாகச் சுழற்றினால் போதும். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து, 100 முதல் 200 மி.லி. வரை வரும்படி நார்மல் சலைனில் கலந்து, 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாக 1 முதல் 2 மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குளுக்கோஸ் பாட்டிலில் கலக்க யாராவது முனைந்தால் நிறுத்திக் கேளுங்கள். முதல் சில முறைகளில் அரிப்பு, முகம் சிவத்தல், மூச்சு இறுக்கம் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். முதல் வருஷத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகலாம். ஆனால் அது உருவான எல்லோருக்கும் அலர்ஜி வராது.

மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இங்கே எத்தனை வீட்டு ஃபிரிட்ஜ்கள் நாள்கணக்கில் அணைந்து கிடந்தன என்று தெரியும். ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே இருக்கட்டும். ஹீமோகுளோபின், பிளேட்லெட் முதல் ஆறு மாதத்தில் ஏறத் தொடங்கும். மண்ணீரல் சுருங்க ஒரு வருஷம்வரை ஆகும். எலும்பு இன்னும் மெதுவாகத்தான். வலி போகவில்லையே என்று நான்காவது மாதத்தில் நிறுத்திவிட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே வரும்.

*தாய்மாமனைக் கட்டினேன். முதல் குழந்தைக்கு டே – சாக்ஸ். ஒன்றரை வயதில் தவறிவிட்டது. அடுத்து உண்டானால் என்ன செய்வது?*
– வாசகி, பெரம்பூர்

உங்கள் இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொரு பிரதி இருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது என்று பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள்; ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்று. தாய்மாமன் கல்யாணத்தில் மரபணுப் பகிர்வு நாலில் ஒரு பங்கு, அத்தை – மாமன் பிள்ளைகள் கல்யாணத்தில் அதற்குப் பாதி. அதற்காக உங்கள் கல்யாணத்தைப் பழிப்பதில் பயனில்லை. இனி செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

உண்டாவதற்கு முன்பே இருவரின் மரபணுவையும் பரிசோதித்து எந்த மாற்றம் என்று கண்டுபிடித்து வைக்க வேண்டும். குழந்தையின் டிஎன்ஏவை எந்த லேபிலாவது சேமித்திருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டாலும் பெற்றோரிடமிருந்து தேடலாம். மாற்றம் தெரிந்துவிட்டால், கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுத் திசு எடுத்துப் பார்க்கலாம். தவறினால் 16ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர். கர்ப்பமான பிறகுதான் முதன்முதலாக வந்தீர்கள் என்றால் டே – சாக்ஸில் குறையும் ஹெக்சோசமினிடேஸ் ‘ஏ’ என்சைமைச் சீரத்தில் அளக்க யாராவது சொல்லலாம். கர்ப்பிணிக்கு அந்த எண் நம்பத்தக்கதல்ல, கேரியர் (நோய் வராமல் பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர்) அல்லாதவரையும் கேரியராகக் காட்டும். வெள்ளணுவில்தான் அளக்க வேண்டும். உங்கள் தம்பி, தங்கைகள் ஒவ்வொருவரும் கேரியராக இருக்கவும் கணிசமான வாய்ப்பு உண்டு. வீட்டில் சொந்தத்துக்குள்ளேயே அடுத்த கல்யாணம் பேசுவதற்கு முன் அவர்களுக்கும் சோதனை செய்துவிடுங்கள்.

*ஏழைக் குடும்பம். இந்த மருந்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?*
– வாசகர், எண்ணூர்

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. 2022இல் செய்த திருத்தத்தின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பணம் குடும்பத்தின் கையில் வராது, அங்கீகரித்த சிறப்பு மையத்துக்கே போகும். சென்னையில் அந்த மையம் எழும்பூர் ஹால்ஸ் சாலையிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. திருவொற்றியூர் பக்கமிருந்து மெட்ரோவில் வந்து, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். என்சைம் ரிப்போர்ட், மரபணு ரிப்போர்ட், ஸ்கேன், குழந்தையின் ஆதார் எல்லாவற்றின் மூலப்பிரதியும் இரண்டு நகலும் எடுத்துப் போங்கள். கோஷே, ஃபாப்ரி, தசையில் கிளைகோஜன் தேங்கும் பாம்ப்பே (Pompe) ஆகிய நோய்கள் கொள்கையின் மூன்றாம் பிரிவில், அதாவது மருந்து இருந்தும் செலவு மிக அதிகமான நோய்களின் பட்டியலில் வருகின்றன.

கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். மருந்து ஆயுள் முழுக்கத் தேவை, அளவு எடையோடு ஏறும். 50 லட்சமோ ஒரே தொகை. அதனால் அது தீரும்வரை காத்திருக்காமல், மருந்து நிறுவனங்களின் இலவச உதவித் திட்டத்துக்கும் முதல் நாளிலேயே டாக்டர் மூலம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

*மரபணு சோதனையில் ‘நோய் இல்லை’ என்று வந்தது, என்சைம் குறைவு என்று வந்தது. எதை நம்புவது?*
– வாசகர், மூலக்கடை

இரண்டு முறை என்சைம் எடுத்து, ஒப்பீட்டு என்சைம் சரியாகவே இருந்தால் என்சைமைத்தான். கோஷே நோயின் ஜிபிஏ1 மரபணுவுக்குப் பக்கத்திலேயே 96 சதவீதம் அதைப் போலவே இருக்கும் ஒரு போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. சாதாரண வரிசைப்படுத்தல் சோதனை இரண்டையும் குழப்பி, மாற்றத்தைத் தவறவிடும் அல்லது இல்லாததைச் சொல்லும். ‘லாங் ரேஞ்ச் பிசிஆர்’ செய்து ஜிபிஏ1ஐ மட்டும் தனியே பெருக்கிப் படித்தார்களா என்று லேபைக் கேளுங்கள்.

*துறைமுகத்தில் வேலை. சின்ன வயதிலிருந்தே வெயிலில் உள்ளங்கை, பாதம் எரியும், வியர்வை வராது. இப்போது சிறுநீரில் புரதம் போகிறது. இதுவும் அந்த வகை நோயாக இருக்குமா?*
– வாசகர், ராயபுரம்

இருக்கலாம். சர்க்கரை நோய் இல்லை என்று உறுதியானால் ஃபாப்ரியைச் சோதிக்க வேண்டும். இடுப்பு, தொப்புள் சுற்றி அழுத்தினாலும் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண் டாக்டரிடம் ‘கார்னியாவில் சுழல் கோடு’ தெரிகிறதா என்று கேளுங்கள். ஆணுக்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ‘ஏ’ என்சைம் சோதனையே போதுமான ஆரம்பம். ஆனால் பெண்ணுக்கு அதே என்சைம் இயல்பாக வந்தாலும் நோய் இருக்கலாம், மரபணு பார்த்தே ஆக வேண்டும். எக்ஸ் குரோமோசோமில் வருவது என்பதால் உங்கள் மகன்களுக்குப் போகாது. மகள்கள் எல்லோருக்கும் போகும். உங்களுக்கு உறுதியானதும் அவர்களையும், உங்கள் அம்மாவையும், அம்மா வழி மாமன், சித்தி, பெரியம்மா பிள்ளைகளையும் மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். அதற்குள் சிறுநீரகம், இதயம் இரண்டுக்கும் அடிப்படைச் சோதனைகளை எடுத்து வைத்துவிடுங்கள்: கிரியேட்டினின், சிறுநீர் புரதம் – கிரியேட்டினின் விகிதம், ஈசிஜி, எக்கோ.